கொந்தளிப்பு தொடங்கும் இடம்: மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர்கள்

வழவழப்பான, தட்டையான ஒரு தகட்டின் மீது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டரில், காற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் வேகம் எவ்வளவு? பூஜ்யம். காற்று எத்தனை வேகமாக அடித்தாலும், தகட்டை எத்தனை பளபளப்பாக மெருகேற்றினாலும், பரப்பைத் தொடும் படலம் பரப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் நகர்கிறது. அதற்கும் மேலே உள்ளது இன்னும் கொஞ்சம் வேகமாக நகர்கிறது. இப்படிக் கூடிக்கூடி முழு வேகத்தை எட்ட எவ்வளவு உயரம் தேவைப்படுகிறது? தகட்டின் முன்விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால், ஓட்டம் சீராக இருக்கும்வரை, வெறும் மூன்றரை மில்லிமீட்டர்தான்.

இந்த மூன்றரை மில்லிமீட்டரின் முக்கியத்துவத்தை முதலில் எடுத்துச் சொன்னவர் ஜெர்மன் பொறியியலாளர் லுட்விக் பிராண்ட்ல். 1904 ஆகஸ்டில் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில், 29 வயதில், தனக்குக் கிடைத்த பத்து நிமிடங்களில் அதைச் சொன்னார். அதுவரை ஒன்றரை நூற்றாண்டாக ஒரு முரண்பாடு தீராமல் கிடந்தது. உராய்வே இல்லாத பாய்மத்தில், அதாவது காற்று, நீர் போல ஓடும் பொருளில், நகரும் பொருளுக்கு எதிர்ப்பே இருக்காது என்று 1752-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டாலம்பேர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். காற்று, நீர் ஆகியவற்றின் பாகுநிலை, அதாவது படலங்களுக்கு இடையிலான உள்ளுராய்வு, மிகக் குறைவு. அப்படியானால் எதிர்ப்பும் ஏறத்தாழ இல்லாமல்தானே இருக்க வேண்டும்? ஆனால் நிஜத்தில் எதிர்ப்பு பலமாகவே இருக்கிறது. பாகுநிலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அது தன் வேலையைக் காட்டியே தீரும் என்றார் பிராண்ட்ல். அந்த அடுக்குக்கு வெளியே உராய்வை மறந்துவிடலாம். உள்ளே மறக்கக் கூடாது. எல்லை அடுக்கு என்று நாம் இன்று சொல்வது இதைத்தான்.

எல்லை அடுக்குக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் காற்று படலம் படலமாக, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மற்றொன்றில் சிறிதும் பெரிதுமான சுழல்கள் மேலும் கீழுமாகப் புரட்டியெடுக்க, கணத்துக்குக் கணம் மாறும் கொந்தளிப்பாக ஓடுகிறது. நம் தகட்டில் அதே ஒரு மீட்டர் தொலைவில், முன்விளிம்பிலிருந்தே ஓட்டம் கொந்தளிப்பாக இருந்திருந்தால், அடுக்கின் கனம் மூன்றரை மில்லிமீட்டருக்குப் பதிலாகச் சுமார் 2 சென்டிமீட்டராக இருக்கும். அந்த இடத்தில் பரப்பின் மீது உராய்வு ஏறத்தாழ ஏழு மடங்காகும். ஒரே தகடு, ஒரே காற்று, ஒரே வேகம். உராய்வு மட்டும் ஏழு மடங்கு! பயணிகள் விமானம் சீராகப் பறக்கும்போது அதன் மொத்த இழுவையில், அதாவது அதைப் பின்னுக்கு இழுக்கும் எதிர்ப்பில், ஏறத்தாழப் பாதி இந்தப் பரப்பு உராய்வுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், எந்த நிலை எங்கே வரும் என்ற கேள்வியின் கனம் விளங்கும்.

வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஓட்டம் கலங்கிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. பாடப்புத்தகங்கள் அந்த வரம்புக்கு ஓர் எண்ணையும் கொடுத்துவிடுகின்றன. அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் விஷயத்தின் உயிர் கைநழுவிவிடும் என்று நினைக்கிறேன். எல்லை அடுக்கு ஒரு பெருக்கி. தனக்குள் வந்து சேரும் நுண்ணிய அசைவுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, ஆயிரக்கணக்கான மடங்கு வளர்க்கிறது. கொந்தளிப்பு எங்கே தொடங்கும் என்பதை, அந்தப் பெருக்கியின் திறனோடு, அதற்குள் என்ன நுழைகிறது, எந்த வழியாக நுழைகிறது என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ஒரே குழாய், பல வரம்புகள்

பொறியியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் வெளியிட்ட சோதனையிலேயே இது தெரிந்துவிட்டது. மான்செஸ்டரில், கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட தொட்டியில் நீரை நிரப்பி, அதற்குள் கிடையாக ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். நீர் அமைதியாக உள்ளே நுழைய, குழாயின் வாயை விரிந்த புனல் போல அமைத்தார். நுழையும் நீரின் நடுவே மெல்லிய சாயக் கோடு ஒன்றைச் செலுத்தினார். வேகம் குறைவாக இருக்கும்போது குழாயின் கடைசிவரை அந்தக் கோடு ஆடாமல் அசையாமல் நீண்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில், வாயிலிருந்து சற்றுத் தள்ளி, அது திடீரென்று சிதறிக் குழாய் முழுவதும் நிறமேறியது. மின்பொறியின் கண நேர வெளிச்சத்தில் பார்த்தபோது, கலங்கலாகத் தெரிந்தது தனித்தனிச் சுருள்களாக இருந்தது.

வேகம், குழாயின் விட்டம், பாய்மத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு இன்று அவர் பெயர்தான். ஓடும் பாய்மம் தன் போக்கிலேயே ஓட முனைவதற்கும், பாகுநிலை அதைப் பிடித்து அடக்குவதற்கும் உள்ள விகிதம் அது. குழாய்க்கு 2,000-ஐ ஒட்டிய ஒரு மதிப்பைப் பாடங்கள் வரம்பாகச் சொல்கின்றன. ஆனால் தொட்டி நீரை நன்றாக அமைதிப்படுத்திவிட்டுச் செய்தபோது ரெனால்ட்ஸே 12,000-க்கு மேல்வரை சீரான ஓட்டத்தைக் கண்டார். 1961-இல் வெர்னர் ஃபெனிங்கர், நுழையும் பாய்மத்தை மிகுந்த கவனத்தோடு அமைதிப்படுத்தி, 1,00,000 வரை கொண்டுபோனார். எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு: ரெனால்ட்ஸின் கருவி மான்செஸ்டரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது, பிற்காலத்தில் அதே கருவியில் சோதனையைத் திரும்பச் செய்தவர்களால் அவர் எட்டிய எண்ணை எட்ட முடியவில்லை. தெருவில் கூடிவிட்ட வண்டிப் போக்குவரத்தின் அதிர்வு நீருக்குள் வந்துவிட்டது.

2,000 என்ற எண்ணுக்கும் பொருள் இருக்கிறது. அதற்குக் கீழே, எவ்வளவு கலக்கினாலும் கொந்தளிப்பு நீடிக்காமல் அடங்கிவிடும். குழாயில் கொந்தளிப்பு முதலில் தனித்தனித் திட்டுகளாக நகர்கிறது. சில திட்டுகள் அழிகின்றன, சில இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. அழிவதைவிடப் பெருகுவது முந்திக்கொள்ளும் புள்ளி சுமார் 2,040 என்று பியோர்ன் ஹோஃபும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் நிறுவினர். கலக்கம் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்ளத் தொடங்கும் இடம் அது. சீரான ஓட்டம் உடைந்தே தீர வேண்டிய இடம் என்று அதற்குப் பொருளில்லை.

அடக்கும் உராய்வே வளர்க்கவும் செய்கிறது

இனி நம் தகட்டுக்கு வருவோம். சீரான ஓட்டத்தின் மேல் மிகச் சிறிய ஓர் அலையை ஏற்றினால் அது வளருமா, தேயுமா? இதைக் கணிதமாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் ரேலி பிரபு. உயரத்துக்கு உயரம் வேகம் எப்படிக் கூடுகிறது என்று ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோடு ஒரு பக்கமாகவே வளைந்து செல்லும்வரை, உராய்வில்லாத பாய்மத்தில் எந்தச் சிற்றலையும் வளர முடியாது என்று 1880-இல் நிறுவினார். வளைவு இடையில் திசை மாற வேண்டும், அப்போதுதான் ஆபத்து. தட்டையான தகட்டின் மேலுள்ள அடுக்கில் கோடு ஒரே பக்கமாகத்தான் வளைகிறது. ஆக, உராய்வு இல்லாவிட்டால் அது உறுதியானது. உராய்வைச் சேர்த்தாலோ, அது அசைவுகளைத் தேய்த்து அழிப்பதுதானே, இன்னும் உறுதியாக வேண்டும். இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனால் நடைமுறையில் தகட்டின் மேல் ஓட்டம் கலங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஓட்டை உராய்வைப் பற்றிய நம்பிக்கையில் இருந்தது. ஊஞ்சலைத் தள்ளுபவர் சரியான கணத்தில் தள்ளினால் ஒவ்வோர் ஆட்டத்திலும் உயரம் கூடும். கால் சுற்று தவறித் தள்ளினால், பாதி நேரம் உந்துவதும் பாதி நேரம் தடுப்பதுமாகக் கணக்கு நேராகிவிடும். எல்லை அடுக்கில் செல்லும் அலைக்குள் இரண்டு அசைவுகள் உள்ளன: பாய்மம் மேலும் கீழும் போவது ஒன்று, முன்னும் பின்னும் போவது மற்றொன்று. சராசரி ஓட்டத்திலிருந்து அலை ஆற்றலை உறிஞ்ச வேண்டுமானால், மேலே ஏறும் பாய்மம் மெதுவானதாகவும் கீழே இறங்கும் பாய்மம் வேகமானதாகவும் பெரும்பாலும் அமைய வேண்டும். உராய்வு இல்லாதபோது இந்த இரண்டு அசைவுகளும் சரியாகக் கால் சுற்று விலகியிருக்கின்றன. கொடுப்பதும் வாங்குவதும் சமம், வளர்ச்சி இல்லை. உராய்வு வந்ததும், அலையின் முன்பின் அசைவும் பரப்பில் பூஜ்யமாகியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது. அதனால் பரப்பை ஒட்டி, எல்லை அடுக்கைவிட மெல்லியதாக, இன்னொரு படலம் உண்டாகிறது. அந்தப் படலத்தில் இரண்டு அசைவுகளுக்கும் இடையிலான நேரக் கணக்கு கொஞ்சம் பிசகுகிறது. அந்தப் பிசகு போதும். ஒவ்வொரு சுற்றிலும் அலைக்குச் சிறிது ஆற்றல் மிச்சமாகிறது.

இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பங்களில் இது ஒன்று. பாகுநிலை மிக அதிகமானால் அலையை நசுக்கிவிடுகிறது. அறவே இல்லாவிட்டால் அலை வளர வழியில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பட்டையில், அதே பாகுநிலை அலையை ஊட்டி வளர்க்கிறது. பாகுநிலை இப்படி ஓட்டத்தைக் குலைக்கவும் கூடும் என்பதை 1921-இல் பிராண்ட்ல் எடுத்துக்காட்டினார். 1923-இல் வெர்னர் ஹைசன்பெர்க், குவாண்டம் இயக்கவியலில் புகழ்பெறும் முன்பே, மியூனிக்கில் தன் முனைவர் பட்ட ஆய்வை இந்தக் கேள்வியின் மேல்தான் எழுதினார். இரண்டு சுவர்களுக்கு இடையிலான ஓட்டம் குலையும் என்ற அவருடைய முடிவைப் பலர் சந்தேகித்தனர், 1945-இல் சி. சி. லின் அதைச் சரியென்று உறுதிப்படுத்தினார்.

தகட்டுக்கான கணக்கை முழுமையாகச் செய்தவர்கள் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்ட்லின் மாணவர்களாக இருந்த வால்டர் டோல்மீனும் ஹெர்மன் ஷ்லிக்டிங்கும். 1929-இல் டோல்மீன், முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் முதல் அலை வளரத் தொடங்கும் என்று கணித்தார். 1933-இல் ஷ்லிக்டிங், அது எவ்வளவு வேகமாக வளரும் என்று கணித்தார். முன்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தை வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 91,000 ஆகும் இடத்தில் வளர்ச்சி தொடங்குகிறது என்பது இன்றைய மதிப்பு. நம் தகட்டில் அது முன்விளிம்பிலிருந்து நாலரை சென்டிமீட்டர். அலைகள் வெளியோட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நகர்கின்றன. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட அலை தகட்டின் ஒரு பகுதியில் மட்டும் வளரும். அதைத் தாண்டினால் தேயத் தொடங்கும். அதற்கடுத்து அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலையின் முறை.

கணக்கு அழகாக இருந்தது. ஆனால் அந்த அலையைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

ஒரு நாடாவும் சில காந்தங்களும்

பத்தாண்டுக்கு மேல் இந்தக் கோட்பாடு அந்தரத்தில் நின்றது. ஜெர்மனிக்கு வெளியே அதை நம்பியவர்கள் குறைவு. காற்றுச் சுரங்கங்களில், அதாவது செயற்கையாகக் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூடங்களில், அளந்தபோதெல்லாம், அலை எதுவும் தெரியாமலே ஓட்டம் நேராகக் கொந்தளிப்புக்குத் தாவியது. வெளிக்காற்றில் உள்ள கலக்கம்தான் அடுக்கை உடைக்கிறது, இந்த நுண் அலைகளுக்கு அதில் பங்கில்லை என்பது பலருடைய முடிவு.

அன்றைய காற்றுச் சுரங்கங்களில் காற்றே கலங்கலாக இருந்தது என்பதை வாஷிங்டனில் அமெரிக்க தேசியத் தர அலுவலகத்தில் இருந்த ஹ்யூ டிரைடன் புரிந்துகொண்டார். அவருடைய குழு புதிய சுரங்கம் ஒன்றில் நுண்ணிய வலைத்திரைகளை அடுத்தடுத்து வைத்து, காற்றின் ஏற்ற இறக்கத்தைச் சராசரி வேகத்தில் 0.02 சதவீதம் வரை குறைத்தது. அந்தச் சுரங்கத்தில் கேலன் ஷுபாவரும் ஹரோல்ட் ஸ்க்ராம்ஸ்டாடும் 1940-ஐ ஒட்டி ஒரு தட்டையான தகட்டை நிறுத்தினர். வேகத்தை அளக்க, முடியைவிட மெல்லிய உலோகக் கம்பியைச் சூடாக்கிப் பரப்பருகே வைத்தனர். காற்றின் வேகம் மாறினால் கம்பி குளிரும் அளவு மாறும். அதிலிருந்து கணத்துக்குக் கணம் வேகத்தைப் படிக்கலாம். அலைகாட்டியின் திரையில், ஒழுங்கற்ற கிறுக்கலுக்குப் பதிலாக, சீரான அலைக்கோடு ஒன்று ஓடியது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. இயற்கையாக வரும் அலைக்காகக் காத்திருக்காமல், தாங்களே அலையை உண்டாக்கினர். பாஸ்பர் வெண்கலத்தாலான மெல்லிய நாடா ஒன்றை, ஓட்டத்துக்குக் குறுக்காக, தகட்டின் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் கட்டினர். தகட்டின் மறுபக்கத்தில் காந்தங்கள். நாடாவின் வழியே மாறுதிசை மின்னோட்டத்தை விட்டதும், காந்தப் புலத்தில் அது விரும்பிய அதிர்வெண்ணில் துடித்தது. பிறகு கம்பி உணரியை ஓட்டத்தின் போக்கில் நகர்த்திக்கொண்டே போய், அலை எங்கே வளர்கிறது, எங்கே தேய்கிறது என்று புள்ளி புள்ளியாகக் குறித்தனர். டோல்மீனும் ஷ்லிக்டிங்கும் காகிதத்தில் வரைந்த வளைகோட்டின் மேலேயே பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் விழுந்தன. போர்க்காலம் என்பதால் 1943-இல் எழுதிய அறிக்கை ரகசியமாகவே இருந்தது. 1947-இல்தான் உலகம் படித்தது. சோதனை வடிவமைப்பில் இதற்கு இணையானவை மிகக் குறைவு என்பேன். பார்க்க முடியாதபடி மறைத்துக்கொண்டிருந்த இரைச்சலை முதலில் நீக்கினார்கள். பிறகு தாங்கள் கேட்க விரும்பிய சுருதியை மட்டும் மீட்டினார்கள்.

இன்னொரு முடிவும் அங்கே கிடைத்தது. வெளிக்காற்றின் கலக்கத்தைக் குறைக்கக் குறைக்க, கொந்தளிப்பு தொடங்கும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போனது. கலக்கம் 0.08 சதவீதத்துக்குக் கீழே போனதும் தள்ளிப்போவது நின்றுவிட்டது. அந்த இடத்தில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 28 லட்சம்; நம் தகட்டில் 1.4 மீட்டர். அதாவது, நாலரை சென்டிமீட்டரில் வளரத் தொடங்கும் அலை, ஓட்டத்தை உடைக்க ஒன்றரை மீட்டர் வரை பயணம் செய்கிறது. இதுதான் இயற்கையான எல்லை என்று தோன்றியது. அப்படி இல்லை. மிச்சமிருந்த கலக்கத்தில் பெரும்பங்கு சுரங்கத்தின் ஒலி. 1968-இல் ஸ்பாங்க்ளரும் வெல்ஸும் ஒலியையும் அடக்கிப் பார்த்தபோது எண் 50 லட்சம் அளவுக்கு ஏறியது.

ஒலி எப்படி உள்ளே நுழைகிறது என்பதே தனிப் புதிராக இருந்தது. 250 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 1.4 மீட்டர். நம் தகட்டின் அடுக்கில் அதே அதிர்வெண் கொண்ட அலையின் நீளமோ சுமார் 4 சென்டிமீட்டர். இத்தனை நீளமான அசைவு இத்தனை குட்டையான அலையை எப்படி எழுப்பும்? ஓட்டம் சட்டென்று மாறும் இடங்களில்தான் அது நடக்கிறது: முன்விளிம்பு, ஒரு சிறு மேடு, பலகைகள் சேரும் இணைப்பு, பரப்பின் வளைவு மாறும் இடம். அங்கே நீள அலையும் பரப்பின் சிறு வடிவமும் சேர்ந்து, பொருத்தமான நீளமுள்ள அலையைப் பிறப்பிக்கின்றன. 1980-களில் அமெரிக்காவில் மார்வின் கோல்ட்ஸ்டைனும் சோவியத் ஒன்றியத்தில் அனத்தோலி ரூபனும் இதைக் கணிதமாக விளக்கினர். பரப்பில் உள்ள மேடும் தனியே பெரிய தீங்கு செய்யாமல் இருக்கலாம், மெல்லிய ஒலியும் தனியே தீங்கு செய்யாமல் இருக்கலாம். சேர்ந்தால் இரண்டும் அலைக்கு வாசல் திறந்துவிடுகின்றன.

அலை உடையும்போது

வளர்ந்த அலை எப்படிக் கொந்தளிப்பாகிறது? முதலில் அது தகட்டின் குறுக்கே நேரான முகடுகளோடு வருகிறது. அசைவின் அளவு வெளியோட்ட வேகத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்ததும் முகடுகள் நேராக இருப்பதை விட்டுவிடுகின்றன. 1962-இல் கிளெபனாஃப் குழுவினர் அளந்து காட்டியபடி, குறுக்குவாட்டில் சில இடங்களில் அலை வலுக்கிறது, இடையிடையே மெலிகிறது. வலுத்த இடங்களில் சுழல்கள் அம்புமுனை வடிவில் இழுபடுகின்றன. அம்பின் இரண்டு கால்களுக்கு நடுவே, பரப்பருகில் இருந்த மெதுவான பாய்மம் மேலே தூக்கப்படுகிறது. மேலே வேகமான பாய்மம், அதன் கீழே தூக்கப்பட்ட மெதுவான பாய்மம்: அந்தக் கணத்தில் வேகக் கோடு வளைவு மாறிவிடுகிறது. ரேலி சொன்ன நிபந்தனை அங்கே நிறைவேறுகிறது. அதன் பிறகு உராய்வின் தயவு தேவையில்லை. மெதுவாக, மீட்டர் கணக்கில் வளர்ந்துவந்த குலைவு, ஓரிரு அலைநீளத்துக்குள் வெடிக்கிறது.

வெடிப்பு தகட்டின் குறுக்கே ஒரே கோட்டில் நடப்பதில்லை. ஹார்வர்டில் ஹோவர்ட் எம்மன்ஸ், மேசை போன்ற பரப்பில் மெல்லியதாக ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீரான ஓட்டத்தின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொந்தளிப்புத் திட்டுகள் முளைப்பதைக் கண்டார். 1951-இல் அதை வெளியிட்டார். ஒவ்வொரு திட்டின் முன்முனையும் வெளியோட்டத்தின் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் ஓடுகிறது, பின்முனையோ பாதி வேகத்தில்தான் வருகிறது. அதனால் போகப் போகத் திட்டு நீண்டுகொண்டே, பக்கவாட்டிலும் அகன்றுகொண்டே போகிறது. திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து இடைவெளி இல்லாமல் போனதும் அடுக்கு முழுக்கக் கொந்தளிப்பாகிவிடுகிறது. ஆகையால் மாறும் இடத்தில் ஓர் உணரியை வைத்தால், சற்று நேரம் அமைதி, சற்று நேரம் கொந்தளிப்பு, மறுபடி அமைதி என்று மாறி மாறிப் பதிவாகும்.

இத்தனை படிகளும் இல்லாமல் குறுக்கு வழியில் வருவதும் உண்டு. கேஸ் டர்பைனின் விசிறித் தகடுகளின் மேல் வரும் காற்றில் பல சதவீதக் கலக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே டோல்மீன்-ஷ்லிக்டிங் அலைக்கு வளர நேரமே கிடைப்பதில்லை. வெளியிலிருந்து நுழையும் வலுவற்ற சுழல்கள், மெதுவான பாய்மத்தைத் தூக்கியும் வேகமானதை இறக்கியும், ஓட்டத்தின் போக்கிலேயே நீண்ட கோடுகளை உண்டாக்குகின்றன. அந்தக் கோடுகள் ஆட்டம் கண்டு உடைகின்றன. சிற்றலைகள் எந்த ரெனால்ட்ஸ் எண்ணிலும் வளராத குழாய் ஓட்டம் கலங்குவதும் இந்த வகையான பாதையில்தான்.

கொந்தளிப்பு உதவும் இடமும் சுடும் இடமும்

கொந்தளிப்பு எப்போதும் இழப்பு என்று நினைக்க வேண்டாம். 1912-இல் குஸ்தாவ் ஈஃபில், பாரிஸில் தன் காற்றுச் சுரங்கத்தில் கோளத்தின் இழுவையை அளந்தார். கோட்டிங்கனில் கிடைத்திருந்த மதிப்போ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. யார் அளந்தது தவறு? இருவருமே சரி: ஒருவர் அளந்தது ஒரு வரம்புக்கு மேலே, மற்றவர் அளந்தது கீழே. ரெனால்ட்ஸ் எண் மூன்று லட்சத்தை ஒட்டிக் கோளத்தின் எல்லை அடுக்கு கொந்தளிப்பாகிறது. கொந்தளிப்பான அடுக்கு வெளியிலிருந்து வேகமான காற்றைப் பரப்பருகே இழுத்துவந்துகொண்டே இருப்பதால், கோளத்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டு போகிறது. பின்னால் விழும் கலங்கல் பகுதி குறுகி, இழுவை சட்டென்று இறங்குகிறது. 1914-இல் பிராண்ட்ல் கோளத்தின் முன்பகுதியைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் ஒன்றை ஒட்டினார். கம்பி அடுக்கைக் கலக்கியது, இழுவை குறைந்தது. வாதம் முடிந்தது.

கிரிக்கெட் பந்தின் தையல் செய்வதும் அந்தக் கம்பியின் வேலைதான். தையலைச் சற்றுச் சாய்த்து வீசினால், தையல் உள்ள பக்கத்தில் அடுக்கு கொந்தளிப்பாகி நெடுநேரம் ஒட்டிக்கொள்கிறது. வழவழப்பான பக்கத்தில் சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. பின்னால் செல்லும் காற்று ஒரு பக்கம் திரும்புகிறது, பந்து எதிர்ப்பக்கம் விலகுகிறது. மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில், தையலை எட்டும் முன்பே இரண்டு பக்கமும் கொந்தளித்துவிடும். அப்போது தையல் அடுக்கைத் தடிக்கச் செய்து அந்தப் பக்கத்தில் முன்னதாகவே பிரியவைக்கிறது. அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். தேய்ந்து சொரசொரப்பான பழைய பந்தில் அது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும்.

வளிமண்டலத்துக்குள் திரும்பும் விண்கலத்தில் கதை வேறு. கொந்தளிப்பான அடுக்கு சூடான காற்றைப் பரப்புக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. பரப்பில் ஏறும் வெப்பம் பல மடங்காகிறது. 2005-இல் டிஸ்கவரி விண்வெளி ஓடம் சுற்றுப்பாதையில் இருந்தபோது, அதன் அடிவயிற்றில் வெப்பக் காப்பு ஓடுகளுக்கு இடையே வைக்கப்பட்ட நிரப்புப் பட்டைகளில் இரண்டு, ஏறத்தாழ ஓர் அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருப்பது படங்களில் தெரிந்தது. இறங்கும்போது அந்த இரண்டு நீட்டல்களும் அடுக்கை முன்கூட்டியே கலக்கிவிட்டால்? அவற்றுக்குப் பின்னால் உள்ள ஓடுகள் எவ்வளவு சூடாகும் என்பதை உறுதியாகக் கணிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஸ்டீபன் ராபின்சன், விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையில் நின்றபடி ஓடத்தின் அடியில் போய், கையுறை விரல்களால் இரண்டையும் உருவியெடுத்தார். அதற்கு முன்பு, 1989-இல் கொலம்பியா ஓடம் திரும்பியபோது, அடுக்கு வழக்கத்தைவிட மிக முன்னதாகவே கலங்கியிருந்தது. அதற்கும் இத்தகைய பட்டைதான் காரணம் என்று கருதப்பட்டது. 2009-இல் நாசா, டிஸ்கவரியின் இறக்கையின் அடியில் வேண்டுமென்றே கால் அங்குல மேடு ஒன்றை அமைத்து அனுப்பி, அதன் பின்னால் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அளந்தது.

விமான இறக்கையில் எல்லை அடுக்கைச் சீராகவே வைத்திருக்கும் முயற்சிக்கு 80 ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. முன்பகுதியில் காற்று வேகமெடுத்துக்கொண்டே போகும்படி இறக்கையை வடிவமைத்தால் அலையின் வளர்ச்சி தளரும். இரண்டாம் உலகப் போர்க்கால மஸ்டாங் விமானத்தின் இறக்கை அந்த எண்ணத்தில் பிறந்தது. ஆனால் தொழிற்சாலையின் ஆணிகளும் வண்ணப்பூச்சும், புறப்படும்போது மோதி ஒட்டும் பூச்சிகளும் அந்தக் கனவைப் பெரும்பாலும் கெடுத்தன. இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் இன்னொரு தொல்லை: பரப்பருகே மெதுவான காற்று பக்கவாட்டில் வழுக்குகிறது, அந்தக் குறுக்கோட்டத்தின் வேகக் கோட்டில் வளைவு மாறும் புள்ளி இருந்தே தீரும். 1960-களில் ஃபெனிங்கர், குழாய்ச் சோதனை செய்த அதே மனிதர், எக்ஸ்-21 என்ற சோதனை விமானத்தின் இறக்கையில் நுண்ணிய பிளவுகள் வழியாக அடுக்கின் மெதுவான பகுதியை உறிஞ்சியெடுத்து, சாய்ந்த இறக்கையிலும் சீரான ஓட்டம் முடியும் என்று காட்டினார். பிளவுகளைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் பெரும்பாடானது. 2017-இல் ஏர்பஸ், ஏ340 விமானத்தின் இரு இறக்கை முனைகளையும் இதற்கென்றே வடிவமைத்த வழவழப்பான பகுதிகளாக மாற்றிப் பறக்கவிட்டுச் சோதித்தது.

வடிவமைப்பாளர்கள் இன்றும் நம்பியிருக்கும் கணிப்பு முறை 1956-இல் உருவானது. அமெரிக்காவில் ஏ. எம். ஓ. ஸ்மித்தும், தனியாக நெதர்லாந்தில் வான் இங்கனும் அதைக் கண்டடைந்தனர். அலை தன் தொடக்க அளவைப் போல 8,000 மடங்கு ஆகும் இடத்தில் கொந்தளிப்பு வரும் என்று எடுத்துக்கொள்வதுதான் முறை. வளர்ச்சி எத்தனை மடங்கு என்பதைக் கோட்பாடு துல்லியமாகத் தருகிறது. தொடக்க அளவு எவ்வளவு என்ற கேள்விக்கு இந்த முறையில் இடமே இல்லை. அமைதியான சுரங்கங்களில் அளந்து பொருத்திய மடங்கு அது. இரைச்சல் மிகுந்த சுரங்கத்தில் சிறிய மடங்கிலேயே ஓட்டம் உடையும், அமைதியான வானில் பெரிய மடங்கு தேவைப்படும். என் பார்வையில் இந்தத் துறையின் முக்கியமான பற்றாக்குறை இதுதான்: பெருக்கியை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டோம், அதற்குள் நுழைவதை அளப்பதில் பின்தங்கியிருக்கிறோம்.

ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் இது இன்னும் கடுமையாகிறது. அத்தகைய சுரங்கத்தின் சொந்தச் சுவரில் உள்ள எல்லை அடுக்கு கொந்தளிப்பாக இருந்தால், அந்தக் கொந்தளிப்பே ஒலியாகக் கதிர்வீசி, நடுவில் நிற்கும் மாதிரியின் அடுக்கை முன்கூட்டியே கலக்கிவிடுகிறது. வானில் சீராக இருக்கும் ஓட்டம் சுரங்கத்தில் கலங்கித் தெரிகிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், ஒலியைப் போல் ஆறு மடங்கு வேகத்தில் இயங்கும் அமைதிச் சுரங்கம் இதற்காகவே கட்டப்பட்டது. அதன் கூம்புக்குழலின் உட்சுவர் கண்ணாடி போல மெருகேற்றப்பட்டிருக்கிறது. குழலின் கழுத்துக்குச் சற்று முன்பே, சுவரை ஒட்டி வரும் பழைய அடுக்கு உறிஞ்சி வெளியேற்றப்படுகிறது. கழுத்திலிருந்து புதிய அடுக்கு ஒன்று சீராகத் தொடங்குகிறது. உள்ளே புகும் காற்று வடிகட்டித்தான் விடப்படுகிறது. குழலில் ஒரு தூசு படிந்தாலும் சுவரின் அடுக்கு கலங்கிவிடக்கூடும்.